முதலாளி இலக்கணம்: மன்னார்ப் பாடம்

பாயிரம்

நூலின் தொடக்கத்திலேயே எட்டுச் செய்திகளைச் சொல்லிவிடவேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவருக்கு அஞ்சி அந்தக் கடனை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஆக்கியோன் பெயர்: வங்கி எனக்குக் கடன் மறுத்து எழுதிய கடிதத்தில் இருக்கிறது, இங்கே வேண்டாம். வழி: முன்னோர் நூல்களைப் பின்பற்றவில்லை, முன்னோர் பட்ட நட்டங்களைப் பின்பற்றினேன். எல்லை: வடக்கே விடத்தல்தீவு, தெற்கே மறிச்சுக்கட்டி, கிழக்கே மடு றோட், மேற்கே தலைமன்னார் மணல்திட்டு. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, அதாவது எதற்குப் பிறகு இதைப் படிக்கவேண்டும் என்பது: ஒரு வியாபாரத்திலாவது தோற்ற பிறகு. நுதலிய பொருள்: இடர் வந்தபோது திரும்பிப் பார்ப்பது, பார்த்ததைக் கொண்டு கொஞ்சம் திருத்துவது, திருத்தியதை மறுபடி பார்ப்பது, இப்படியே தொழிலைக் கரைசேர்ப்பது. கேட்போர்: கடன் கேட்போர். பயன்: தெரிந்தவர்கள் எனக்கு எழுதி அறிவிக்கவும்.

இப்படி ஒரு நூலுக்கு மன்னார் ஏன் என்று சிலர் கேட்கலாம். மற்ற ஊர்களில் இடர் விருந்தாளி. வரும், இருக்கும், போகும். மன்னாரில் இடர் நிரந்தரக் குடியிருப்பாளர், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். நல்ல காலம்தான் பெருநாளுக்கு வந்து போகிற உறவினர். 1964 டிசம்பர் புயல் எதிர்க்கரைத் துறையான தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் போர் இந்தியாவுக்கான கப்பலையும் நிறுத்தியது, 1990 இல் ரயிலையும் நிறுத்தியது. ரயில் மறுபடி தலைமன்னாருக்கு வர 2015 மார்ச் ஆயிற்று. ஏழு வருடம் கழித்து நாடே கடன் கட்டமுடியாமல் படுத்தது. இத்தனைக்கும் நடுவில் பேசாலையில் மீன் காய்ந்தது, பஸ் நிலையத்தடியில் தேநீர் ஆற்றப்பட்டது, கடை திறந்தது. ஆகவே ஆராய்ச்சிக்கு மாதிரிகள் தாராளம்.

சல்லடையியல்

முதலாளிமாரை வகுக்க ஏற்கெனவே ஒரு கருவி இங்கே இருந்தது. சலாபக் காலத்தில் முத்து வியாபாரிகள் பித்தளைச் சல்லடைகள் பத்தை அடுக்கி வைத்திருப்பார்கள். சலாபம் என்பது முத்துக்குளிப்பு. சிலாவத்துறை என்ற பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள். முதற் சல்லடைக்கு 20 கண். அடுத்ததற்கு 30, பிறகு 50, 80, 100 என்று ஏறி 1000 கண்ணில் முடியும். 20 கண்ணில் தங்குவது பெருமுத்து. 1000 கண்ணிலும் தங்காமல் விழுவது தூள். அளவு பார்த்த பின் தரம் பார்ப்பார்கள். உருண்டு திரண்டு ஒளி குறையாதது ஆணி. அதற்குக் கீழே வடிவு, குறுவல், பீசல் என்று இறங்கும். கவனிக்கவேண்டியது: 20 கண்ணில் தங்கிய முத்தும் பீசலாக இருக்கலாம். பெரிய கடை என்பதால் நல்ல கடை என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகவும்.

இந்தப் பெயர்களைக் கொண்டே முதலாளிமாரைப் பிரித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். ஆணி முதலாளி, பீசல் முதலாளி என்று மூன்று நாள் பட்டியல் போட்டேன். முத்தைச் சலித்தால் தரம் தெரிகிறது. முதலாளிமாரைச் சலித்தால் சலிப்புத்தான் மிஞ்சுகிறது. தவிர, சல்லடைக்கு வருவது எல்லாம் முடிந்த முத்து. சிப்பி செத்து, அழுகி, கழுவப்பட்ட பிறகு கிடைப்பது. இடரில் நிற்கிற முதலாளி இன்னும் கடலுக்கு அடியில் மூச்சடக்கிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒரு இடைச்செருகல். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எல்லோரிடமும் ஒரு முத்து உவமை உண்டு. சிப்பிக்குள் மணல் புகுகிறது, உறுத்துகிறது, சிப்பி பொறுத்துக்கொண்டு அதை முத்தாக்குகிறது, ஆகவே அன்பர்களே உங்கள் துன்பமும் முத்தாகும். மன்னார்ச் சிப்பியை 1850களின் இறுதியில் ஆராய்ந்த கெலார்ட்டும், 1902 இல் வந்த பேராசிரியர் ஹேர்ட்மனும் முத்துக்குக் காரணமாகக் கைகாட்டியது மணலை அன்று, ஒட்டுண்ணிப் புழுவை. எதுவாயினும், ஆயிரம் சிப்பியில் பெரும்பாலானவற்றில் விலைபோகும் முத்து இராது. இருந்த சிப்பியோ அதற்காகவே கொல்லப்படும். அந்த வியாபாரத்தில் சிப்பிக்குக் கிடைத்த ஆதாயம் என்ன என்று எந்தப் பேச்சாளரும் சொன்னதில்லை.

பாரியல்

ஆகவே வேறு அடிப்படை தேடினேன். அது சொல்லிலேயே இருந்தது. பார் என்றால் உலகம். பார் என்றால் நோக்கு. மன்னார்க் கடலில் பார் என்றால் சிப்பி ஒட்டி வளரும் கடலடித் திட்டு: செவல் பார், பெரிய பார், மோதரகம் பார், வங்காலைப் பார். சலாபம் திறக்குமுன் பார் பார்ப்பது வழக்கம். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, வயது மதித்து, கழுவி, கிடைத்த முத்தை விலை மதித்து, அதன் பிறகுதான் சலாபம் உண்டு, இன்ன நாளில் என்று அறிவிப்பார்கள். சிப்பிக்கு நாலைந்து வயது ஆகியிருக்கவேண்டும். முந்தினால் முத்து இல்லை. பிந்தினால் சிப்பியே செத்து, முத்து மணலோடு போய்விடும். மீளாய்வு, தொடர் முன்னேற்றம் என்று இப்போது வண்ண அட்டை போட்டு விற்பவர்களுக்கு முன்பே இந்தக் கரையில் அது குளியாளின் கூடையில் ஏறி வந்திருக்கிறது.

எனவே முதலாளிமார் நால்வகைப்படுவர்: பாராதார், ஒருகண்ணாற் பார்த்தார், பிறரைப் பார்த்தார், தம்மைப் பார்த்தார் என. ஐந்தாவதாக ஒரு கூட்டம் வரும். அவர்களை எந்த வகுப்பிலும் அடைக்கமுடியவில்லை.

பாராதாருக்கு எடுத்துக்காட்டு பெரிய பார். பெயர் பெரிது, பரப்பும் பெரிது. 1880 தொடக்கம் தாம் வந்து ஆராய்ந்த காலம் வரை அந்தப் பாரில் பதினொரு தடவையாவது இளஞ்சிப்பி தானாக வந்து படிந்தது என்று ஹேர்ட்மன் கணக்கிட்டார். பதினொரு தடவையும் அது வளர்ந்து சலாபத்துக்கு வரவில்லை. தென்மேற்குச் சோளகம் வாரி அடித்துக்கொண்டு போய்விடும். அடுத்த முறை மறுபடி படியும். மறுபடி போகும். நண்டுக்கு விலை என்றால் நண்டு வலை, கடலட்டைக்கு விலை என்றால் அட்டைப் பண்ணை, எவனோ கொழும்பில் கடற்பாசி கேட்டான் என்றால் கடற்பாசி என்று வருடம் ஒன்றாகத் தொடங்குகிற நண்பர்களை இந்தப் பாரில் வைக்கலாம். ஊக்கத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பதினோராவது தடவையும் பூசை போட்டுப் பால் காய்ச்சித்தான் கடை திறப்பார்கள். ஹேர்ட்மன் சொன்ன மருந்து எளிது: அங்கே பிடிக்கும் குஞ்சுச் சிப்பியைப் பெயர்த்து நிலைக்கிற பாரில் கொண்டுபோய் இடுங்கள். அதாவது ஊக்கத்தைக் குறைக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள். இந்த மருந்தை நண்பர்களிடம் சொன்னேன். அடுத்த முறை பார்ப்போம் என்றார்கள்.

ஒருகண்ணாற் பார்த்தார்

இந்த வகுப்புக்குத் தனி இயல் வேண்டும். மாதிரி அவ்வளவு உயர்தரம்.

1905 ஆம் ஆண்டுச் சலாபம் மன்னார்க் கடல் கண்டவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. முந்நூறுக்கு மேற்பட்ட படகுகள். 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். அரசாங்கத்துக்குக் கிடைத்தது 25 இலட்சம் ரூபா. மறிச்சுக்கட்டியில் ஓலையும் தடியும் கொண்டு ஒரு பட்டணமே எழுந்தது. நீதிமன்றம், மருத்துவமனை, தபால் கந்தோர், சிறைச்சாலை எல்லாம் அதில் இருந்தன. சலாபம் முடிந்ததும் மறைந்தன. கீழக்கரைக் குளியாட்கள், அரபிக் குளியாட்கள், நாட்டுக்கோட்டைப் பணம், பம்பாய் வியாபாரிகள், கோடிக்கணக்கில் ஈ.

இந்த அறுவடை இலண்டனில் சிலர் கண்ணில் பட்டது. இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி பிறந்தது. 1906 முதல் 20 வருடத்துக்கு எல்லாப் பாரும் கம்பனிக்கு. குத்தகை வருடம் 3,10,000 ரூபா. போதாதென்று, பாரைச் செம்மை செய்ய வருடா வருடம் தனியாகச் செலவழிப்பதாகவும் ஒப்பந்தம். தொடர் முன்னேற்றத்தைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட கம்பனி இந்தக் கடலில் இதற்கு முன் இருந்ததில்லை. அறிவியலும் கைவசம் இருந்தது. ஹேர்ட்மனின் அறிக்கை 1903 க்கும் 1906 க்கும் இடையில் ஐந்து பெருந்தொகுதிகளாக வந்திருந்தது. புழு, மீன், நீரோட்டம், மணல், பவளம், எதுவும் விடுபடவில்லை.

இனிக் கணக்கு. 25 இலட்சத்தை 3,10,000 ஆல் பிரித்தால் 8 வரும். ஒரு நல்ல வருடம் எட்டு வருடக் குத்தகையைக் கட்டிவிடும். இந்த வகுத்தலைப் பார்த்தவர் கையெழுத்துப் போடாமல் இருப்பது கடினம். ஆனால் அதே பதிவேட்டில் 1891 க்கு அடுத்த சலாபம் 1903. இடையில் 1892 முதல் 1902 வரை பதினொரு வருடம் எதுவும் இல்லை. அதற்கு முன்னும் 1837 க்குப் பிறகு 1855 வரை இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1768 இலிருந்து 1796 வரை, ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கலியாணம் முடிக்கும் காலம், இல்லை. கம்பனி ஒரு கண்ணால் 25 இலட்சத்தைப் பார்த்தது. மற்றக் கண்ணுக்குப் பூச்சியங்கள் தெரிந்திருக்கும். அந்தக் கண் மூடியிருந்தது. இல்லாவிட்டால் ஏறி இறங்குகிற கடலுக்கு ஏறாத இறங்காத குத்தகை பேச யாருக்கு மனம் வரும்?

1907 க்குப் பிறகு கம்பனிக்குச் சலாபமே வாய்க்கவில்லை. 1912 இல் கம்பனி கலைந்தது. 25 இலட்சத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, மிச்சக் கடலைக் குத்தகைக்குக் கொடுத்த அரசாங்கத்தை நான் இந்தக் கதையின் மிகப் பெரிய வியாபாரி என்று மதிக்கிறேன். அதற்காக அதைப் புகழ மாட்டேன். வெள்ளைக்கார அரசாங்கம் நல்ல வியாபாரி என்பது இந்த நாட்டில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

கம்பனிக்கு இன்னொரு பக்கத்தாலும் அடி வந்துகொண்டிருந்தது. மன்னாரில் சிப்பி இல்லாத அந்தப் பதினொரு வருடத்துக்குள், 1893 இல், யப்பானில் நூடில்ஸ் கடைக்காரரின் மகன் மிக்கிமோத்தோ தாமே சிப்பி வளர்த்து அரைமுத்து ஒன்றை எடுத்துவிட்டார். முழுமுத்து பின்னால் வந்தது. உலகச் சந்தையில் இயற்கை முத்தின் விலை சரிந்ததில் அதற்குப் பெரும் பங்கு. இங்கே நாம் கரையில் நின்று பாரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒருவர் பாரையே செய்துகொண்டிருந்தார். தொடர் முன்னேற்றத்துக்குக் கைசன் என்ற சொல்லும் அதே நாட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. மசாக்கி இமாய் 1986 இல் அதைப் புத்தகமாக்கி உலகெங்கும் அனுப்பினார். நம் முத்துத் தொழிலை முடித்துவைத்த நாட்டின் பாடத்தையே நம் மிச்சத் தொழிலுக்குப் படிக்கிறோம். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் இருக்கமுடியாதுதான். என்றாலும் மன்னாரில் இருந்து படிக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. இந்த உறுத்தலும் முத்தாகவில்லை.

பிறரைப் பார்த்தார்

தொகையில் இவர்களே அதிகம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிப்பி ஏன் போயிற்று என்று நூறு வருடமாகச் சொல்லப்பட்ட காரணங்கள்: நீரோட்டம், மணல் மூடல், திருக்கை, கிளாத்தி, நட்சத்திர மீன், முன்னவன் அள்ளிய அள்ளு. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. திருக்கை சிப்பி தின்னும், சந்தேகம் இல்லை. இந்தக் காரணங்களுக்குள் இருக்கும் பொதுத்தன்மை, எதுவும் பேசுகிறவரைத் தொடாது என்பது. இன்றைய பட்டியலில் திருக்கைக்குப் பதிலாக டொலர், இந்திய இழுவைப் படகு, காற்றாலை, வங்கி மனேஜர். அவற்றிலும் உண்மை உண்டு. இழுவைப் படகு கிழித்த வலையைக் கையில் வைத்திருக்கிறவரிடம் போய் உன் பிழை என்ன என்று கேட்க நான் துணியமாட்டேன். ஆனால் அவரே ஒரு நாள் கேட்டுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இவர்களுக்குத் துணையாக ஒரு தொழில் இருந்தது. சலாபத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரர் உண்டு, கடல்கட்டி என்று பெயர். அவர் கரையில் நின்று ஓதினால்தான் குளியாள் கடலில் இறங்குவார். ஒல்லாந்தரும் கொடுத்தார்கள், ஆங்கிலேயரும் கொடுத்தார்கள்: கடல்கட்டிக்கு அரசாங்கத்தின் அங்கீகாரமும் வருமானமும் இருந்தன. எமர்சன் டெனன்ற் 1859 இல் இலங்கை பற்றிய தம் நூலில் எழுதியபோது அந்தப் பதவியில் இருந்தவர் கத்தோலிக்கர். சுறா கடித்த விபத்து இந்தப் பாரில் மிக அரிது. ஆகவே கடல்கட்டி தோற்றதாகவே சரித்திரம் இல்லை. தானாக நடக்கிற ஒன்றுக்குக் கூலி வாங்குவது வியாபார ஆலோசனையின் மிகப் பழைய வடிவம் என்று இவ்விடத்தில் ஒரு சூத்திரம் செய்யலாம். செய்யாமல் விடுகிறேன். ஒன்று மட்டும் அவர் பக்கம் சொல்லவேண்டும்: அவர் ஓதாவிட்டால் ஆள் இறங்காது. பயத்தைக் கணக்கில் எடுத்த ஆலோசகர் அவர்.

போருக்குப் பின் வந்த செயலமர்வுகளையும் இதே இயலில் அடக்குவேன். நானும் போயிருக்கிறேன். சுவரில் பெரிய வெள்ளைத் தாள், நான்கு நிற மார்க்கர். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, சந்தர்ப்பம் என்ன, அச்சுறுத்தல் என்ன. பலவீனம் என்ற கட்டத்தில் எங்கள் குழு எழுதியது: மழை. பலத்தில் எழுதியது: ஒற்றுமை. அந்த ஒற்றுமை சோற்றுப் பாசல் வரும்வரை நீடித்தது. தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நன்னூல் மாணாக்கரை வகுக்கும்போது நெய்யரியைச் சொல்கிறது: நெய்யை விட்டுவிட்டுக் கசட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பன்னாடை. நாங்கள் அன்றைக்குப் பிடித்துவைத்துக்கொண்டது இலவசமாகத் தந்த பேனாவை.

வகுக்கப்படாதார்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து மக்கள் படகேறிக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போனார்கள். அதே வருடம் தமிழர் பலர் தலைமன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரம் போய் மண்டபம் முகாமில் பதிந்தார்கள். கடைகள் இருந்த இடத்தில் இருந்தன. கடன் கொப்பியில் நிலுவைகள் இருந்தன. கொடுக்கவேண்டியவர்களும் வாங்கவேண்டியவர்களும் இல்லை.

திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள் என்ற உபதேசம் இங்கே பொருந்தாது. திருத்த அவர்கள் செய்த பிழை இல்லை. குஞ்சுச் சிப்பியைப் பெயர்த்து வேறு பாரில் இடலாம் என்று மேலே எழுதினேன், அது சிப்பிக்குச் சொன்னது. புத்தளம் நாகவில்லில் எருக்கலம்பிட்டியின் பெயரோடு ஒரு பாடசாலை நடக்கிறது. இந்த நூலில் அதற்கு வகுப்புப் பெயர் இல்லை.

ஆத்தும சோதனையியல்

கடைசி வகுப்பாகிய தம்மைப் பார்த்தாருக்கு நான் வெளிநாட்டுச் சொல் தேடிக்கொண்டிருந்தபோது பேசாலை மாமா கேட்டார்: "ஏன் மருமகன் அவ்வளவு தூரம் போறியள்? ஞானோபதேசத்தில படிப்பிச்சதுதானே?"

உண்மைதான். மன்னார்க் கரையில் புதுநன்மைக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் இது மனப்பாடம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து வேண்டும். முதலாவது ஆத்தும சோதனை: செய்ததை நினைத்துப் பார்ப்பது. பிறகு மனஸ்தாபம். பிறகு இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை. பிறகு வாயால் சொல்வது. கடைசியில் அபராதம் தீர்ப்பது. மேலாண்மைப் பள்ளிகளின் சக்கரப் படத்தில் நாலு அம்புக்குறிதான் இருக்கும். மனஸ்தாபம் அதில் இல்லை. அதனால்தான் அந்தச் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகர்வதில்லை என்பது மாமாவின் கட்சி.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு இன்னொரு இலட்சணம் உண்டு. அங்கே முழந்தாளில் நின்றுகொண்டு அடுத்த வீட்டுக்காரனின் பாவத்தைச் சொல்லமுடியாது. சொன்னால் சுவாமி இருமுவார். என் அனுபவத்தில் எந்தக் கம்பனிக் கூட்டத்திலும் இருமுகிற ஆள் இல்லை. விற்பனைப் பகுதி கொள்முதலின் பாவத்தைச் சொல்லும், கொள்முதல் லொறிக்காரனின் பாவத்தைச் சொல்லும், லொறிக்காரன் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

சலாபத்திலும் இருமல் ஒன்று வைத்திருந்தார்கள். படகு கரைக்கு வந்ததும் சிப்பியைக் கொட்டு என்ற அடைப்புக்குள் கொண்டுபோய்க் குளியாட்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு மேலிடத்துக்கு, ஒன்று அவர்களுக்கு. எந்த இரண்டு என்று கைகாட்டுகிறவர் அதிகாரி, அதுவும் பிரித்து முடிந்த பிறகு. 1906 சலாபத்தில் கொட்டுக்குள் நின்று இப்படிக் கைகாட்டியவர்களில் யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃபும் ஒருவர். பின்னாளில் தன்வரலாற்றில் அந்த நாற்றத்தையும் சேர்த்து எழுதினார். பிரிப்பவன் தெரிவு செய்யக்கூடாது. இந்த ஒரு விதியால் ஆயிரக்கணக்கான குளியாட்களின் கையில் தராசு இல்லாமலே குவியல்கள் சமமாக விழுந்தன. தன் வருடக் கணக்கைத் தானே எழுதி, அதில் எந்தப் பக்கத்தைச் சபையில் வாசிப்பது என்று தானே தெரிவு செய்கிற முதலாளிமாருக்காக இதை எழுதிவைக்கிறேன்.

நாற்றம் என்றது நினைவுக்கு வருகிறது. ஏலத்தில் ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று மூடிய சிப்பியை வாங்கியவர் உடனே திறக்கமாட்டார். ஒரு வாரம், பத்து நாள் அழுகவிடுவார். புழு தின்று முடிந்த பிறகு தோணியில் இட்டுக் கடல்நீரால் கழுவிக் கழுவி அடியில் தங்கியதைத் தேடுவார். மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவினால் முத்து தண்ணீரோடு போய்விடும். இரண்டு கையும் வேண்டும்.

மாமாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எழுதுவார். ஐந்து நிரல்: காற்று, எண்ணெய், மீன், விலை, என் பிழை. காற்று நிரலில் சோளகம், கச்சான், கொண்டல், வாடை. கடலுக்குப் போகாத நாளும் எழுதப்படும், மீன் நிரலில் பூச்சியத்தோடு. "எழுதுறதெண்டால் எல்லாத்தையும் எழுத வேணும். பிடிச்ச நாளை மட்டும் எழுதினா அது பத்திரிகை" என்பார். ஐந்தாம் நிரலைத்தான் நான் மெல்லத் தடவிப் பார்த்தேன். உப்பு குறைந்தது, என் பிழை. சீலாவைக் காயப்போட்டேன், மேற்கே கறுத்ததைக் கண்டேன், மூடவில்லை, என் பிழை. இரண்டு கிலோவைக் கடனுக்குக் கொடுத்தேன், ஆளைத் தெரிந்தும் கொடுத்தேன், என் பிழை.

2022 ஆம் ஆண்டுக் கொப்பியை விசேடமாகக் கேட்டு வாங்கினேன். மண்ணெண்ணெய் இல்லை, இல்லை, இல்லை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது பதிவாகியிருக்கிறது. அந்த வரிகளுக்கு நேரே ஐந்தாம் நிரல் வெறுமை. அது அவர் பிழை இல்லை, அதனால் எழுதவில்லை. ஆனால் ஒரு வரி இருக்கிறது: எண்ணெய் வரிசையில் இரண்டு நாள் சும்மா நின்றேன், வலையைக் கொண்டுபோயிருந்தால் பொத்தியிருக்கலாம், என் பிழை. அடுத்த வார வரிசையில் அவர் வலையோடு நின்றார். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டாரும் அவரும் ஒரே வள்ளத்தில் போகத் தொடங்கினார்கள். தூரக் கடல் விட்டுக் கரைக்கடல். ஐஸ் விலை தாங்காததால் பச்சை மீன் விட்டுக் கருவாடு. மணலில் காயப்போட்டதைக் கொழும்புக்காரர் மணலைச் சொல்லி விலை குறைத்தபோது, கம்பு நட்டு, பழைய வலை விரித்து, இடுப்பு உயரத்தில் பரண். உப்புக்குக் கைப்பிடி விட்டுச் சிரட்டை அளவு. வாரத்துக்கு ஒரு மாற்றம்தான். இரண்டு மாற்றினால் எது பலித்தது என்று தெரியாதாம்.

நான் மகிழ்ந்துபோய், மாமா ஆணி முத்து என்று எழுதலாமா என்று கேட்டேன். "அந்த வருசம் முழுக்கக் கூட்டிப் பார்த்தா நட்டம்தான்" என்றார். "எவ்வளவு நட்டமெண்டு தெரியும். அவ்வளவுதான்."

ஒழிபியல்

விடுபட்டவற்றைச் சேர்ப்பது இவ்வியலின் கடமை. அரிப்பில் கடலைப் பார்த்தபடி ஒரு சிதைந்த செங்கல் மாளிகை நிற்கிறது. முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்ய 1801 க்கும் 1804 க்கும் இடையில் கட்டியது. டோரிக் மாளிகை என்பது ஏட்டுப் பெயர், ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். தேசாதிபதியை ஊர் மறந்துவிட்டு ராணியை வைத்துக்கொண்டது. வகுப்பு நூல் எழுதுகிறவர்களுக்கு ஊரார் செய்யும் மரியாதை பொதுவாக இதுதான். கடல் அரித்து மாளிகையின் பெரும்பகுதி விழுந்துவிட்டது. பார்க்க விரும்புகிறவர்கள் பிந்தவேண்டாம்.

நீலக்கால் நண்டு விடயத்தில் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம் பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் ஒரு மேம்பாட்டுத் திட்டம் நடத்தியது. சினை நண்டையும் சிறு நண்டையும் திருப்பிக் கடலில் விடும் பழக்கம் அதில் ஒரு பாடம். நண்டு எந்த வகுப்பு என்று என்னைக் கேட்கவேண்டாம்.

நால்வகை என்று தொடங்கி நாலாவது வகுப்புக்கு ஓர் ஆளைத்தான் காட்டியிருக்கிறேன் என்று கண்டனம் வரும். ஒப்புக்கொள்கிறேன். மாதிரி போதாது, என் பிழை. வேறு ஆட்கள் இருந்தால், முக்கியமாகப் பூச்சியங்களோடு எழுதிய கொப்பி வைத்திருப்பவர்கள், அறியத்தரவும். இரண்டாம் பதிப்பில் சேர்ப்பேன். மாமாவை நேரே பார்க்க விரும்புகிறவர்கள் பேசாலைக்குக் கிழமை நாளில் வரவும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கொப்பி எழுதுவார், ஆரோடும் கதைக்கமாட்டார்.